பாட்டு எங்க போச்சு? தோட்டத்து வீடியோக் கசட்டுகளும் கணினி ஏற்க மறுக்கும் வரலாறும்

அக்காவின் சடங்கு 2004இல் நடந்தது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். சித்தப்பா அப்போதுதான் டுபாயிலிருந்து வந்திருந்தார். வரும்போது ஒரு சின்ன வீடியோக் கமராவும் கொண்டுவந்திருந்தார். சடங்கை அவரே எடுத்தார். அந்தக் கசட்டை எங்கள் வீட்டில் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. கமராவைத் தொலைக்காட்சியில் செருகினால் போதும், அக்காவுக்குத் தண்ணி ஊத்துவதிலிருந்து ஆலாத்தி எடுப்பது வரை எல்லாம் வரும். பின்னால் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

பிறகு எல்லாருக்கும் போன் வந்தது. கமரா அலுமாரிக்குள் போனது. போன தீபாவளி லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அதை வெளியே எடுத்தேன். அதற்குப் பொருந்துகிற பழைய கணினி ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கி, கசட்டை எடிட்டிங் மென்பொருளுக்குள் ஏற்றினேன். படம் வந்தது. பாட்டு வரவில்லை. பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரே இரைச்சல், பாத்திரச் சத்தம், யாரோ இருமுவது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பாட்டு எங்க போச்சு? நீ என்னமோ அழிச்சுப்புட்ட."

நானும் அப்படித்தான் பயந்தேன். மூன்று இரவு அதோடு மல்லுக்கட்டினேன். பாட்டு எங்கே போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தக் கசட்டுகள் நம் லயங்களுக்கு எப்படி வந்தன, இன்றைய கணினி ஏன் அவற்றை ஏற்க மறுக்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில் இவை இரண்டும் வேறு வேறு விஷயம் என்று நினைத்தேன். இல்லை, ஒரே கதைதான்.

மற்றவர் கமராவில் நாம்

பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்துக் கல்லறையில் உலகப் புகழ்பெற்ற ஒரு புகைப்படக்காரர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஜூலியா மார்கரெட் கமரன். இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் படம் எடுத்தவர். 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்துக் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் இறந்தார். இங்கே அவர் எடுத்த படங்களில் எஞ்சியவை கொஞ்சம்தான். அவற்றில் தோட்டத்தில் வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். டெனிசன் படத்துக்குக் கீழே டெனிசன் என்று பெயர் இருக்கிறது. நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை.

1934இல் அசையும் படம் வந்தது. 'சோங் ஒப் சிலோன்' என்ற ஆவணப்படம். இயக்கியவர் பசில் ரைட், தயாரித்தவர் ஜோன் கிரியர்சன், பணம் போட்டது சிலோன் தேயிலைப் பிரசார சபை. உலகத் திரைப்பட வரலாற்றில் பெரிய இடம் பிடித்த படம். அதில் ஒரு பகுதி வணிகத்தின் குரல்களைப் பற்றியது. தோட்டக் காட்சிகளும் வேலைக் காட்சிகளும் ஓடும்போது மேலே வியாபாரக் குரல்கள் கேட்கும். யோசித்துப் பாருங்கள், உடம்பு நம்முடையது, மேலே ஓடுகிற சத்தம் சந்தையுடையது.

தோட்டத்தில் நமக்கு எழுத்தில் பதிவு இல்லாமல் இல்லை. செக்ரோலில் பெயர் இருந்தது. கங்காணியின் பற்றுக் கணக்கில் கடன் இருந்தது. ஆனால் அந்தப் பதிவெல்லாம் தோட்டத்துக்காக எழுதப்பட்டது. நமக்குத் தேவைப்பட்டபோது அது உதவவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருசம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கான சட்டம் வந்தது. இத்தனை வருசம் இங்கே இருந்தேன் என்று ஒவ்வொருவரும் அத்தாட்சி காட்ட வேண்டியிருந்தது. 8 இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்குபோட்டன. அட்டன் ஸ்டேசனில் ஒப்பாரி வைத்து அனுப்பிய கோச்சிகள் தலைமன்னாருக்குப் போயின. அங்கிருந்து கப்பல். 1984இல் அந்தக் கப்பல் நின்றது.

அந்தப் பிரிவுகளை நம் ஆட்கள் எடுத்த வீடியோவைத் தேடினால் கிடைப்பது அரிது. ஏனென்றால் அப்போது கமரா நம் கைக்கு வந்திருக்கவில்லை. கப்பல் நிற்கிற காலத்தில்தான் டெக் வரத் தொடங்கியது.

டெக் வந்த கதை

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் ஐ.டி.என் மூலம் தொடங்கியது. நாடு முழுவதற்குமான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியோடு வந்தது. அதன் ஒலிபரப்புக் கோபுரம் எங்கே இருக்கிறது தெரியுமா? நுவரெலியாவுக்கு மேலே, 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகல மலையில். அதேபோல லக்சபான நீர்மின் நிலையம் 1950இலேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. நாட்டுக்கே படம் அனுப்புகிற கோபுரமும் கரண்ட் அனுப்புகிற நிலையமும் நம் மலைகளில். ஆனால் லயங்களுக்குக் கரண்ட் வந்தது வெகு பிந்தித்தான். அதுவரை கார் பெட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. பெட்டரியை டவுனுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பெரியவர்களைக் கேளுங்கள், யார் தூக்கினார்கள் என்று பெயரோடு சொல்வார்கள்.

டெக் என்றால் வி.எச்.எஸ் கசட் போடுகிற பெட்டி. ஜப்பானில் 1976இல் அறிமுகமானது. தோட்டத்துக்கு அது முதலில் வந்தது வாடகைக்கு. திருவிழா, பொங்கல் என்றால் டவுனிலிருந்து டெக்கும் தொலைக்காட்சியும் ஜெனரேட்டரும் வரும், விடிய விடிய மூன்று படம் ஓடும். சொந்த டெக் வந்தது பெரும்பாலும் வெளிநாட்டுக் காசில். 1980களிலிருந்து வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போன நம் அம்மாமார், அக்காமார் திரும்பி வரும்போது கொண்டுவந்த சாமான்களில் அதுவும் ஒன்று. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போனவர்கள், பிள்ளையின் சடங்கையும் முதல் நன்மையையும் கசட்டில்தான் பார்த்தார்கள். நம் வீட்டு வீடியோவுக்கு முதல் பார்வையாளர் பல தடவை வீட்டில் இல்லாத ஒருவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கமரா ஏன் ஒவ்வொரு முகமாக நின்று நின்று போகிறது என்பதற்குப் பதில் அதுதான்.

எடுத்தவர்கள் அட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற டவுன்களின் ஸ்டூடியோக்காரர்கள். தோளில் பெரிய கமரா, பக்கத்தில் லைட் பிடிக்க ஒரு பையன், கோயிலிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ இழுத்த வயர். எடுத்து முடித்ததும் ஸ்டூடியோவில் பாட்டு ஏற்றுவார்கள். மாப்பிள்ளை முகம் இதய வடிவத்துக்குள் சுழலும், பூ கொட்டும். நாம் இப்போது பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பூவுக்குப் பின்னால் பாருங்கள். தகரக் கூரை, இஸ்தோப்பில் அடுக்கிய விறகு, கூடத்து மூலையில் உட்கார்ந்திருக்கிற கிழவி, அடுப்படியில் சோறு வடிக்கிற பெண்கள், தப்பு அடிக்கிறவரை எங்கே நிற்க வைத்திருக்கிறார்கள் என்பது. வீடியோக்காரர் இவற்றை எடுக்க நினைக்கவில்லை. தற்செயலாக விழுந்தவை. சாதி, வறுமை, கடன் வாங்கிப் போட்ட நகை, அப்போதைய பேச்சு, எல்லாம் அந்த ஓரங்களில்தான் இருக்கிறது. சில கோயில் குழுக்கள் மாசியில் ஆடிய காமன் கூத்தையும் இப்படிப் பதிந்து வைத்திருக்கின்றன. 'சோங் ஒப் சிலோன்' நம்மை எடுத்தது தேயிலை விற்க. இந்தக் கசட்டுகளை எடுக்கச் சொன்னதும், காசு கொடுத்ததும், பார்த்ததும் நாம்.

ஒவ்வொரு பிழைக்கும் ஒரு காலம்

சரி, இந்தக் கசட்டைக் கணினிக்குள் ஏற்றப் போனால் என்ன நடக்கிறது? "இந்தக் கோப்பை ஏற்க முடியாது" என்று ஒரு பெட்டி வரும். அல்லது படம் வரும், சத்தம் வராது. அல்லது பாதியில் நின்றுவிடும். நம் பையன்கள் பலர் அந்த இடத்தில் "கசட் பழுது" என்று முடிவுகட்டித் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கசட் பழுதில்லை. அது பிறந்த காலத்தின் பழக்கம் இன்றைய மென்பொருளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு அடிப்படை விஷயம். ஏ.வி.ஐ, எம்.பி.4 என்று கோப்பின் வாலில் இருப்பது பெட்டியின் பெயர் மட்டும். ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பெட்டி ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே பி.ஓ.பியும் இருக்கலாம், டஸ்ட்டும் இருக்கலாம். வீடியோவும் அப்படித்தான். உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். அதைத்தான் கோடெக் என்கிறார்கள். மென்பொருள் பெட்டியைத் திறக்கும், உள்ளே இருப்பது அதற்குப் பழக்கமில்லை என்றால் மறுக்கும். எனவே முதல் வேலை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைச் சொல்லிவிடும்.

இனி காலவரிசையில் போவோம்.

வி.எச்.எஸ் கசட்டுக்கு டெக் வேண்டும், டெக்கையும் கணினியையும் இணைக்க ஒரு சின்ன யூ.எஸ்.பி கருவி வேண்டும். ஏற்றும்போது படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ, அமைப்பில் என்.டி.எஸ்.சி என்று இருக்கிறதா பாருங்கள். அது அமெரிக்க, கனடா முறை, 525 கோடுகள். இலங்கையும் இந்தியாவும் பால் முறை, 625 கோடுகள், வினாடிக்கு 25 படம். பால் என்று மாற்றினால் நிறம் வந்துவிடும். ஆனால் கனடாவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய கசட் என்றால் தலைகீழ், அதற்கு என்.டி.எஸ்.சிதான் சரி, டெக்கும் அதைப் படிக்கிறதாக இருக்க வேண்டும். ஒரு கசட் எந்த முறையில் இருக்கிறது என்பதே அந்தக் குடும்பம் எங்கெங்கே சிதறியது என்பதற்குச் சாட்சி. கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனவர்கள் அனுப்பிய கசட் நம் டெக்கில் தகராறில்லாமல் ஓடியதற்கும் இதுதான் காரணம், அங்கேயும் பால்.

அடுத்த தொல்லை, வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம். தொடக்கத்தில் சரியாக இருக்கும், அரை மணி நேரத்தில் சத்தம் படத்தை விட்டு விலகிவிடும். பல தடவை ஓடித் தேய்ந்த கசட்டில் படங்களின் நேரக் கணக்கு நடுங்கும். தொலைக்காட்சி அந்த நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும், கணினி பொறுக்காது. சில படங்களைக் கீழே போட்டுவிடும். சத்தம் மட்டும் நிற்காமல் ஓடும். எடிட்டிங் மென்பொருளுக்குள் நேரடியாக ஏற்றாமல், விர்ச்சுவல்டப் போன்ற பதிவு மென்பொருளில் முதலில் ஏற்றுவது நல்லது. இன்னொரு வழி, டெக்கிலிருந்து வரும் வயரை ஒரு டிவிடி ரெக்கோர்டர் அல்லது பழைய டிஜிட்டல் கமரா வழியாகக் கடத்தி எடுப்பது. அவற்றில் பல அந்த நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கிக் கொடுக்கும்.

ஓடுகிற ஆளைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கால வீடியோ ஒரு படத்தை ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்று இரண்டு பாதியாக எடுத்தது. வினாடிக்கு 50 பாதி. மூலப் பிரதியில் அதை அப்படியே விடுங்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கும் பிரதியில் மட்டும் நீக்குங்கள். அதேபோல ஆட்கள் எல்லாரும் குண்டாகத் தெரிந்தால், 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நம் தாத்தாமார் யாரும் அவ்வளவு குண்டாக இருந்ததில்லை.

1995இல் டிஜிட்டல் வீடியோக் கசட் வந்தது. மினிடீவி என்பார்கள், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நம்மிடம் 2000க்குப் பிறகு, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து. இதை ஏற்றப் பயர்வயர் துளை வேண்டும், புதிய லெப்டொப்புகளில் அது இல்லை. கமராவில் யூ.எஸ்.பி துளை இருந்தாலும் ஏமாறாதீர்கள், பல கமராக்களில் அது படங்களுக்கும் குறைந்த தர வீடியோவுக்கும் மட்டும்தான். இன்னொரு மர்மம், ஏற்றுவது சரியாக 19 நிமிடத்தில் நின்றுவிடும். கசட்டில் அந்த இடத்தில் கோளாறு என்று நினைப்போம். உண்மையில் இந்த வீடியோ மணிக்கு 13 ஜிகாபைட் எடுக்கும். பழைய முறையில் ஃபோர்மட் செய்த ஹார்ட் டிஸ்க் ஒரு கோப்பில் 4 ஜிகாபைட்டுக்கு மேல் ஏற்காது. டிஸ்க்கை மாற்று முறையில் ஃபோர்மட் செய்தால் மீதியும் வரும். யாருடைய கல்யாணத்தில் தாலி கட்டுவது இருபதாவது நிமிடத்தில் இருந்ததோ!

அதே காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் வி.சி.டி கொடுக்கத் தொடங்கினார்கள். மலிவு, தபாலில் அனுப்பலாம். இன்று நம் வீடுகளில் அதிகம் கிடப்பது இதுதான். திறந்தால் உள்ளே .டாட் என்ற வாலோடு ஒரு கோப்பு. மென்பொருள் திரும்பியும் பார்க்காது. உள்ளே இருப்பது சாதாரண எம்பெக்-1 வீடியோ, 352க்கு 288 புள்ளி. சில நேரம் வாலை .எம்.பி.ஜி என்று மாற்றினாலே வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் எஃப்.எஃப்.எம்பெக் கொண்டு படத்தைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றலாம். கீறல் விழுந்த வி.சி.டியைச் சாதாரணமாகக் கொப்பி பண்ணினால் பாதியில் பிழை வரும். அதில் வீடியோப் பகுதி, பிழை திருத்தும் தகவல் இல்லாமலே எழுதப்பட்டிருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை. ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளால் கீறல் பட்ட நொடியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை மீட்கலாம்.

டிவிடியில் ஒரு பெரிய பொறி. டிஸ்க்கைக் கணினியில் போட்டால் "காலி" என்று காட்டும். திருப்பிப் பார்த்தால் எழுதிய வட்டம் கண்ணுக்குத் தெரியும். பதிந்தவர் கடைசியில் அதை முடித்து மூடவில்லை. எந்த ரெக்கோர்டரில் பதிந்தார்களோ அதே மாதிரி ஒன்றில் போட்டு ஃபைனலைஸ் கொடுத்தால் உள்ளே இருப்பது தெரியவரும். "காலி" என்று கணினி சொன்னதை நம்பி எறிந்துவிடாதீர்கள். பதிவு இருக்கிறது, அதை மூடித்தரும் கடைசி முத்திரைதான் இல்லை. நம் ஆட்களுக்கு இது பழக்கமான நிலைமைதான்.

கடைசியாகப் பழைய போன்களின் 3ஜிபி கோப்புகள். படம் வரும், சத்தம் வராது. அதன் சத்தம் போன் பேச்சுக்கான முறையில் சுருக்கப்பட்டது, பல எடிட்டிங் மென்பொருளுக்குப் புரியாது. ஹேண்ட்பிரேக்கில் மாற்றி எடுத்தால் கேட்கும். இன்றைய போன் வீடியோவிலும் சத்தம் விலகும், ஏனென்றால் போன் வினாடிக்கு எத்தனை படம் என்பதை வெளிச்சத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்கும். அதையும் ஹேண்ட்பிரேக்கில் ஒரே சீரான வேகத்துக்கு மாற்றிய பிறகு எடிட்டுக்கு எடுங்கள்.

மூடுபனிக்கு யார் பதில் சொல்வது

இதெல்லாம் சாவகாசமாகச் செய்யலாம் என்றால் இல்லை. டெக் செய்துகொண்டிருந்த கடைசி ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. 2019இல் யுனெஸ்கோவின் திட்டமொன்றும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பும் சேர்ந்து எச்சரிக்கை விட்டன. காந்தநாடாவில் இருப்பதை 2025க்குள் மாற்றாவிட்டால், அதற்குப் பிறகு பெரும்பகுதியை மீட்பது நடக்காத காரியமாகிவிடும் என்று. அந்த வருசம் வந்துவிட்டது. நாடா அன்றோடு செத்துப்போகாது. ஆனால் ஓட்டுகிற மெஷினும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் குறைந்துகொண்டே போகிறார்கள்.

நமக்கு அதற்கு மேலும் ஒரு சிக்கல். நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரம். வருசத்தில் பாதி நாள் மூடுபனி, மழை. காந்தநாடாவுக்கு ஆகாதது ஈரம். கசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள், சுருளின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் மாதிரியோ நூல் மாதிரியோ தெரிந்தால் பூஞ்சணம். அதை அப்படியே டெக்கில் போடாதீர்கள். டெக்கின் தலையும் கெடும், அடுத்துப் போடும் கசட்டுக்கும் பரவும். தனியாக எடுத்துவைத்து, தெரிந்தவரிடம் துடைத்த பிறகுதான் ஓட்ட வேண்டும். நல்ல கசட்டையும் நிமிர்த்தி, காற்றுப்புகாத டப்பாவில், உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். அடுப்படிப் பரணில் வேண்டாம். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் மொத்த லயமும் போகிற கூரை நம்முடையது. மண்சரிவும் இருக்கிறது. 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதைப் பார்த்தோம். ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது நமக்குக் கட்டாது.

அதனால் ஒரு சின்ன ஒழுங்கு. முதலில் முழுக் கசட்டையும் வெட்டாமல் ஒட்டாமல் ஏற்றுங்கள், எடிட் அப்புறம். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரரிடம், ஒன்று இணையத்தில் பூட்டி. கோப்பின் பெயரில் வருசம், தோட்டம், டிவிசன், நிகழ்ச்சி நான்கையும் எழுதுங்கள். ஏற்றியதைப் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள், யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1870களில் எழுதாமல் விட்ட பெயர்களை இனி யாராலும் எழுத முடியாது. 1990களின் பெயர்களை இன்னும் எழுதலாம். கோயில், கூத்து, சங்கக் கூட்டம் போன்ற பொது நிகழ்ச்சிகளை, 2005இலிருந்து இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனம் போன்றவர்களிடம் பேசிப் பொதுவில் வைக்கலாம். ஆனால் சடங்கு வீடியோவை யூடியூபில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளை இன்று வளர்ந்த ஒரு பெண். அவர் சரி என்றால் மட்டும்தான்.

பாட்டு

இனி எங்கள் வீட்டுக் கசட்டுக்கு வருவோம். மினிடீவியில் சத்தத்தை இரண்டு முறையில் பதியலாம். ஒரு முறையில் இரண்டு தடம். 12 பிட் என்ற இன்னொரு முறையில் நான்கு தடம், அதாவது இரண்டு சோடி. கமரா எடுக்கும்போது கேட்கிற சத்தம் முதல் சோடியில் விழும். இரண்டாம் சோடி காலியாக இருக்கும், பிறகு வேண்டுமானால் அதில் பாட்டோ பேச்சோ ஏற்றிக்கொள்ளலாம். கமராவில் எந்தச் சோடி கேட்க வேண்டும் என்று மெனுவில் தேர்வு செய்யலாம். ஆனால் பயர்வயர் வழியாக ஏற்றும்போது பல மென்பொருள்கள் முதல் சோடியை மட்டுமே எடுக்கும்.

மூன்றாவது இரவு இதை வாசித்தபோதே எனக்கு ஏதோ புரிந்தது. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஆமா, நான்தான் பாட்டு ஏத்துனேன். ஒரே பேச்சும் இரைச்சலுமா இருந்திச்சு, கேக்க நல்லா இல்ல. ரேடியோ செட்ட கமராவுல மாட்டி ஏத்துனது. மெனுவ மாத்தி வச்சதும் நான்தான்."

அப்படியென்றால் எதுவும் அழியவில்லை. இருபது வருசமாக நாங்கள் கேட்டது இரண்டாம் சோடி. மென்பொருள் எடுத்துத் தந்தது முதல் சோடி, அன்றைக்கு இஸ்தோப்பில் உண்மையாகக் கேட்ட சத்தம். நான் பிழை என்று திருத்தப் போனது அதைத்தான்.

அம்மாவைக் கூப்பிட்டு, ஒலியைக் கூட்டி மறுபடி போட்டேன். இருபத்து மூன்றாவது நிமிடம். அக்காவுக்கு நலங்கு வைக்கிறார்கள். கமரா அக்கா மேலேயே இருக்கிறது. படத்துக்கு வெளியே, பக்கத்தில் எங்கேயோ உட்கார்ந்து அப்பாயி பேசிக்கொண்டிருக்கிறது. வந்திருந்த ஒரு பெரியவர் ஊர் கேட்டிருப்பார் போல. தன் அப்பா துறையூருக்கு அந்தப் பக்கம் எந்த ஊரிலிருந்து வந்தார், யார் கூட வந்தார், முதலில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள், எந்தப் பிள்ளையை வழியில் பறிகொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. நடுவில் ஒரு பாத்திரம் விழுகிறது. யாரோ சிரிக்கிறார்கள். அப்பாயி நிறுத்தவில்லை.

அந்த ஊரின் பெயர் எங்கள் வீட்டில் எந்தப் பத்திரத்திலும் இல்லை. தாத்தாவின் பிரஜாவுரிமைக் கடதாசியிலும் இல்லை. அப்பாயி செத்துப் பதினைந்து வருசத்துக்கு மேலாகிறது. யாரிடம் கேட்பது என்று நாங்கள் எப்போதோ விட்டுவிட்ட கேள்வி அது.

எல்லா வீட்டுக் கசட்டிலும் இப்படி ஒரு குரல் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஸ்டூடியோவில் பாட்டு ஏற்றிக் கொடுத்த வி.எச்.எஸ், வி.சி.டி பிரதிகளில் மூலச் சத்தம் பெரும்பாலும் போய்விட்டது, அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. ஆனால் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று ஏற்றிப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது.

இரண்டு சோடியையும் தனித்தனியாக எடுத்துச் சேமித்துவிட்டேன். பாட்டையும் சேர்த்துத் தரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பாட்டு கெடக்கட்டும்," என்றார். "அந்த எடத்த திருப்பிப் போடு."